சித்தப்பா படித்திருந்தால் மகள் முதல் பட்டதாரி இல்லையா?

மகள் இன்ஜினியரிங் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. கவுன்சலிங், கட்டணம், பஸ் எல்லாம் ஒரு வழியாக முடிந்து இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. ஆனாலும், வீட்டில் முதல் ஆளாக டிகிரி படிக்கப்போகிற பிள்ளை என்று வருவாய்த் துறை தருகிற முதல் பட்டதாரி சான்றிதழுக்காக நான் அலைந்த அந்த நாலு வாரத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அடுத்த வருஷம் பன்னிரண்டாவது முடிக்கப்போகும் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்குச் சொல்லிவைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு அழகர்மலை கண்ணில் படுகிற தூரத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், நான் வீட்டிலேயே தையல். இரண்டு பேருமே பத்தாவதோடு நின்றவர்கள். மகள் கட்-ஆஃப் 171.5. கல்விக் கட்டணம் 55,000 ரூபாய். முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் அதில் 25,000 ரூபாயை அரசு கட்டிவிடும். நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தைச் சேர்க்க நான் எத்தனை பிளவுஸ் தைக்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

2025 மே 8, வியாழக்கிழமை. மதுரையில் மீனாட்சி கல்யாணம். அன்றைக்குத்தான் ரிசல்ட்டும் வந்தது. தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு இருக்கும்போதே மகள் போனை நீட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் காலையிலேயே இ-சேவை மையத்துக்குப் போய் 60 ரூபாய் கட்டி விண்ணப்பம் போட்டுவிட்டோம். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று இரண்டும் ஏற்கெனவே கையில் இருந்தன. வருமானச் சான்று ஐந்தே நாளில் வந்துவிட்டது. அதனால் இதுவும் அப்படித்தான் வரும் என்று நினைத்தேன்.

அது தப்புக் கணக்கு. சித்திரைத் திருவிழா நேரத்தில் எங்கள் பக்கம் வருவாய்த் துறை ஆட்கள் முக்கால்வாசிப் பேருக்கும் திருவிழா வேலைதான். அழகர் மலையிலிருந்து இறங்கியதிலிருந்து திரும்பி மலை ஏறும்வரை வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகத்தில் பூட்டுதான் தொங்கியது. 12-ம் தேதி அழகர் ஆற்றில் இறங்குகிற நாள், மாவட்டத்துக்கே விடுமுறை. அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். நாமதான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு மார்க் ஷீட் தேவையே இல்லை. பரீட்சை முடிந்த மறுநாளே போட்டிருக்கலாம். ஏப்ரல் முழுக்க வீட்டில் சும்மா இருந்துவிட்டு மே மாதத்தில் ஓடினோம். மதுரைக்காரர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

திருவிழா முடிந்து நாலு நாள் கழித்து போனுக்கு மெசேஜ் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, ஆவணங்கள் முழுமையாக இல்லை. எந்த ஆவணம் என்று ஒரு வார்த்தை இல்லை.

நேரில் போனேன். எங்கள் வி.ஏ.ஓ.வுக்கு இரண்டு ஊர் பொறுப்பு. அன்றைக்கு அடுத்த ஊரில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே போனால் தாலுகா ஆபீஸ் போய்விட்டார் என்றார்கள். முதல் நாள் அப்படியே போனது. இரண்டாவது நாள் பிடித்துவிட்டேன். “தாத்தா பாட்டி நாலு பேரோட டி.சி. எங்கம்மா?” என்று கேட்டார்.

“மாமனார் பள்ளிக்கூடமே போனதில்ல சார். எங்க அப்பா இறந்து பதினாலு வருஷமாச்சு. இல்லாத டி.சி.யை எங்க போய் வாங்குறது?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பேப்பர் இருந்தா நான் எழுதுவேன்.”

படிக்காதவர் படிக்கவில்லை என்பதற்கு என்ன பேப்பர் காட்டுவார்? இதைக் கேட்டு மூன்று பேரிடம் அலைந்தேன். கடைசியில் வழி சொன்னது மகளின் பள்ளிக்கூடத்து இயற்பியல் டீச்சர்தான். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு, தான் படிக்கவில்லை என்று அவர்களே கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுக்கிற சுய உறுதிமொழி போதும். இறந்தவர்களுக்கு இறப்புச் சான்று. படித்தவர்களுக்கு டி.சி. அல்லது கடைசியாகப் படித்த வகுப்பின் மார்க் ஷீட். எங்கள் விண்ணப்பத்துக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது. இதை வி.ஏ.ஓ. பார்த்த அன்றைக்கே ஒரு வரியில் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சம்.

மாமனாருக்கு 74 வயது. “எழுதப் படிக்கத் தெரியாதுன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று இருந்தது. பேத்திக்காக என்றதும் மறு பேச்சு இல்லாமல் கட்டைவிரலை நீட்டினார்.

எல்லாம் சேர்த்து மறுபடியும் 60 ரூபாய் கட்டி விண்ணப்பம் போட்டோம். இந்தத் தடவை வி.ஏ.ஓ.வைத் தாண்டிவிட்டது. ஆர்.ஐ.யிடம், அதாவது வருவாய் ஆய்வாளரிடம், போய் நின்றது. அங்கேதான் பெரிய சிக்கல்.

என் கொழுந்தனார் பி.ஏ. படித்தவர். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ரேஷன் கார்டில்தான் அவர் பெயரும் இருந்தது. விசாரிக்கும்போது ஊரில் யாரோ, “அந்த வீட்ல ஒருத்தர் டிகிரி முடிச்சிருக்காரே” என்று சொல்லிவிட்டார்கள். ஆர்.ஐ. அதைப் பிடித்துக்கொண்டார். “ஒரே குடும்பத்துல பட்டதாரி இருக்காரு. உங்க பொண்ணு எப்படிம்மா முதல் பட்டதாரி?”

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. நிஜமாகவே நமக்கு இல்லையோ என்று நினைத்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுகையே வந்துவிட்டது. மனிதர் கோபமாகக்கூடப் பேசவில்லை. ரொம்ப உறுதியாகச் சொன்னார். உறுதியாகச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

மறுபடியும் டீச்சர்தான். போனில் கேட்டதும், “யார் சொன்னா? சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை யாரும் கணக்குல வர மாட்டாங்க” என்றார். இந்தச் சலுகை 2010-ல் வந்தது. இதற்குக் குடும்பம் என்றால் பிள்ளையின் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி. அவ்வளவுதான். ரேஷன் கார்டில் யார் பெயர் இருந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வருமான வரம்பும் கிடையாது, எந்தச் சாதி என்றும் பார்ப்பதில்லை. டீச்சர் அந்த அரசாணையைப் பிரின்ட் எடுத்து, குடும்பம் என்று வருகிற வரியில் மஞ்சள் மார்க்கர் போட்டுக் கொடுத்தார்.

அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆர்.ஐ. வாங்கிப் பார்க்கவே இல்லை. “மேல கேட்டுட்டுச் சொல்றேன், அடுத்த வாரம் வாங்க.” அடுத்த வாரம் என்றால் ஜூன் வந்துவிடும். இன்ஜினியரிங் விண்ணப்பத்துக்கு ஜூன் 6 கடைசி நாள். சான்றிதழை ஏற்ற அதற்கு மேல் இரண்டு மூன்று நாள்தான். வைகாசி முகூர்த்தம் வேறு. தைக்க வாங்கி வைத்த துணிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கல்யாணப் பெண் வீட்டார் வந்து சத்தம் போட்டுவிட்டு ஒரு பட்டு பிளவுஸைத் தைக்காமலே திரும்ப வாங்கிப் போனார்கள். இந்தச் சான்றிதழுக்காக மட்டும் எனக்கு ஒன்பது நாள் வேலை போனது.

அந்த நேரத்தில் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி தொடங்கியது, வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் ஊராகக் கணக்குப் பார்த்து மனு வாங்குகிற நாட்கள். நம் ஆட்கள் ஜமாபந்தி என்றால் பட்டா மாறுதலுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எந்த வருவாய்த் துறை மனுவும் கொடுக்கலாம் என்று மனு எழுதிக் கொடுக்கிற பெரியவர் ஒருவர் சொன்னார். நம் ஊர் வருகிற நாளில் பெரிய அதிகாரி, தாசில்தார், ஆர்.ஐ., வி.ஏ.ஓ. எல்லாருமே ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள். அதைவிட நல்ல இடம் கிடையாது.

மனு ஒரே பக்கம். விண்ணப்ப எண், போட்ட தேதி, சொன்ன காரணம், அரசாணையில் உள்ள வரி, கவுன்சலிங் கடைசித் தேதி. கூட எல்லாவற்றுக்கும் நகல். கை நடுங்கத்தான் செய்தது. அதிகாரி படித்துவிட்டு, ஆர்.ஐ.யைத் திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இந்தப் பொண்ணோட அப்பா அம்மா டிகிரியா?” “இல்ல சார்.” “அப்புறம் என்ன?”

மூன்றாவது நாள் சான்றிதழ் வந்துவிட்டது. பிரின்ட் எடுத்து மாமனார் கையில்தான் முதலில் கொடுத்தேன்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். வாயால் “முடியாது” என்றால் கிளம்பி வந்துவிடாதீர்கள். எந்த விதிப்படி முடியாது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்கவே கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள். நிராகரித்தால் கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். அப்புறம் இன்னொன்று: சான்றிதழ் மட்டும் போதாது. பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற கூட்டு உறுதிமொழிப் படிவமும் கவுன்சலிங் பக்கத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒரு பையன் அதை விட்டுவிட்டுக் கடைசி நாளில் ஓடினான். சீட்டும் கவுன்சலிங் வழியாக வந்ததாக இருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தச் சலுகை இல்லை.

விண்ணப்பம் போட்ட பிரவுசிங் சென்டரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் டிக் போடலாம் என்றான் அந்தத் தம்பி. “கவர்மென்ட் சம்பளம் வாங்குற வாத்தியாருங்கதானேக்கா, போட்டுரலாம்.” மகள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. 7.5 என்பது ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாமே அரசு கட்டுகிறது. நமக்கு இல்லாததில் டிக் போட்டால் சரிபார்ப்பில் மாட்டும். மகள்தான் அதைக் கவனித்து எடுக்கச் சொன்னாள். பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் படித்துப் பாருங்கள்.

சாய்ஸ் ஃபில்லிங், அலாட்மென்ட் எல்லாம் பிரச்சினை இல்லாமல் போனது. இரண்டாவது சுற்றில் தினமும் வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில் இடம் கிடைத்தது.

கல்லூரியில் பணம் கட்டும்போது மட்டும் ஒரு உரசல். “முழுசா கட்டிருங்க, கவர்மென்ட் பணம் வந்ததும் திருப்பித் தர்றோம்” என்றார்கள். நான் ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி, கழித்துத்தான் கட்டுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஜமாபந்திக்கு முன்னால் எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. அரைமணி நேரத்தில் ஒத்துக்கொண்டார்கள். மீதி 30,000, பஸ் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்து என் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. கல்விக் கடன் கேட்டுப் போன இடத்தில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். நாலு லட்சம் வரை அடமானம் எதுவும் கேட்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. கல்விக் கடனுக்கென்றே இருக்கிற வித்யா லட்சுமி தளத்தில் முதலிலேயே பதிந்திருந்தால் எழுத்தில் பதில் வந்திருக்கும். இரண்டாம் வருஷத்துக்கு அப்படித்தான் செய்யப்போகிறோம்.

கடைசியாகப் புதுமைப் பெண். கல்லூரி போகிற பெண்பிள்ளைகளுக்கு அரசு தருகிற மாதம் 1,000 ரூபாய். முதலில் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பரிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. 7.5 இல்லை என்றதும் இதுவும் இல்லை என்று விட்டுவிட்டவர்களை நானே பார்த்தேன். கல்லூரியில் இதற்கென்று பொறுப்பாசிரியர் இருப்பார், கேளுங்கள்.

கூட இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் பணம் வந்துவிட்டது, என் மகளுக்கு மட்டும் வரவில்லை. பேங்கில் கேட்டால், “ஆதார் லிங்க் ஆகியிருக்கே” என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருப்பது வேறு, அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று இணைத்திருப்பது வேறு. ஆதார் தளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்று இருக்கிறது, ஓடிபி போட்டுப் பார்த்தால் எந்த பேங்க் என்று காட்டும். எங்களுக்கு ஏழாவது படிக்கும்போது உதவித்தொகைக்காகத் திறந்து, அப்புறம் மறந்தே போன வேறொரு பேங்கைக் காட்டியது. அதை மாற்ற ஒரு படிவம், ஒரு கையெழுத்து. ஐந்து நிமிஷ வேலைக்கு மூன்று நடை. சேர்க்கைக்கு முன்னாலேயே இதைப் பார்த்து வைத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், இது எங்கள் வீட்டுக்கே பெரிய யோசனையாக இருந்தது. முதல் பட்டதாரி சலுகை ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான். அக்கா வாங்கிவிட்டதால் தம்பிக்குக் கிடையாது. அவன் இந்த வருஷம்தான் ஐந்தாவது முடித்தான். அக்கா படித்த பள்ளிக்கூடத்திலேயே சேர்க்க எல்லாம் பேசி முடித்திருந்தோம். வீட்டுக்காரரும் நானும் இரண்டு ராத்திரி பேசினோம். அவனுக்கு அந்த 7.5 ஒதுக்கீடாவது கிடைக்கட்டும் என்று ஜூன் மாதம் ஆறாவதுக்கு அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். அக்காவின் சான்றிதழ்களை வைத்த பச்சை ஃபைல் பக்கத்தில் அவனுக்கு ஒரு நீல ஃபைல். அதில் இப்போதைக்கு இருப்பது ஆறாவது சேர்ந்த ரசீதும், சீடிங் சரிபார்த்த பேங்க் பாஸ்புக் நகலும்.