எல்லையை மாத்தினியாடே?

செங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில்தான் டியூஷன். நேற்று கேரளத்து ஆரியங்காவுப் பையனுக்குக் கொடுத்த இன்டெக்ரேஷன் கணக்கு: 0 முதல் 1 வரை, சைன் இன்வர்ஸ் 2எக்ஸ்/(1+எக்ஸ் ஸ்கொயர்). எக்ஸுக்கு டேன் தீட்டா பிரதியிட்டான். உள்ளே சைன் 2தீட்டா, ஆக மொத்தம் 2தீட்டா. டிஎக்ஸுக்குப் பதில் வரும் செக் ஸ்கொயரையும் மறக்கவில்லை. மேல் எல்லை மட்டும் 1 ஆகவே நின்றது.

"எல்லையை மாத்தினியாடே?"

"மறந்நு போயி சாரே!" பதறினால் மலையாளம்தான் வரும் அவனுக்கு.

எக்ஸ் 1 என்றால் தீட்டா பை/4. அதைப் போட்டதும் விடை வந்தது: பை/2 கழித்தல் லாக் 2, சுமார் 0.88.

அதோடு விட்டிருக்கலாம். மேல் எல்லை ரூட் 3 என்றால் என்று கிளறினேன். தீட்டா பை/3 வரை போகும். பை/4 தாண்டினால் சைன் இன்வர்ஸ் தருவது 2தீட்டா அல்ல, பை கழித்தல் 2தீட்டா. அங்கே இன்டெக்ரலை இரண்டாக உடைக்கணும். பாதி உடைப்பதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவன் அம்மா போன்.