அரக்கு வைப்பதற்கு முன்

காரைக்குடி வட்டாரத்தில் உணவு பாதுகாப்பு அலுவலராகப் பணியாற்றிய ஆண்டுகளில், "யார் மேல் கேஸ் போடுவது, யாரை அபராதத்தோடு விடுவது என்று எப்படி சார் முடிவு செய்கிறீர்கள்?" என்ற கேள்வியைப் பலரும் என்னிடம் கேட்டதுண்டு. அது சென்னையில் உணவு பாதுகாப்பு ஆணையர் மேசையில் முடிவாகிற விஷயம் என்பது அவர்களுடைய எண்ணம். கோப்பைப் புரட்டினால் அப்படித்தான் தெரியும். ஆனால் பெரும்பாலான வழக்குகளில் அந்த முடிவு கடைப் படியிலேயே, மாதிரிப் பொட்டலத்தின் மீது அரக்கு உருகி விழுவதற்கு முன்பே, எடுக்கப்பட்டுவிடுகிறது என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நடப்பில் இருந்தது. கலப்படம் என்று நிரூபணமானால் பெரும்பாலும் குறைந்தது ஆறு மாதச் சிறை என்பதால், சின்னத் தவறுக்கும் பெரிய மோசடிக்கும் ஒரே நீதிமன்றப் படிதான். 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த உணவு பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் இதை இரண்டு பாதைகளாகப் பிரித்தது. பகுப்பாய்வாளர் 'தரம் குறைந்தது' அல்லது 'லேபிள் குறைபாடு' என்று எழுதினால் வழக்கு மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகும். அங்கே அபராதம் மட்டுமே, தரம் குறைந்ததற்கு 5 லட்சம் ரூபாய் வரை. 'பாதுகாப்பற்றது' என்று எழுதிவிட்டால் 59ஆம் பிரிவு. யாருக்கும் பாதிப்பு நேராவிட்டாலும் அன்று ஆறு மாதம் வரை சிறை. மரணம் நேர்ந்தால் ஏழு ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை. நான் ஓய்வு பெற்ற பிறகு, 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்த ஆறு மாதத்தை மூன்று மாதமாகக் குறைத்து, அபராத உச்சவரம்பை 3 லட்சமாக உயர்த்தியது.

காகிதத்தில் இது நியாயமான பிரிவினைதான். ஆனால் கோடு கிழிக்கப்பட்டிருப்பது பொருளின் தன்மையை வைத்து. செய்தவரின் மனதை வைத்து அன்று. எங்கள் வட்டாரத்தில் ஓர் எண்ணெய் வியாபாரி இருந்தார். அவர் 'சுத்தமான செக்கு நல்லெண்ணெய்' என்று விற்றதில், எண்ணெயில் ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் பியூட்டிரோ ரிஃப்ராக்டோமீட்டரில் 40 டிகிரி வெப்பத்தில் 58க்கும் 61க்கும் இடையே நிற்க வேண்டிய அளவு மிகவும் கீழே இறங்கியிருந்தது. விலை மலிந்த எண்ணெயைத் தெரிந்தே, கணக்குப் போட்டு, நெடுநாளாகக் கலந்தவர். அறிக்கை 'தரம் குறைந்தது' என்று வந்தது. அபராதத்தைக் கட்டிவிட்டு மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடை திறந்தார்.

அதே ஆண்டில்தான் பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சியின் வீட்டுக்குப் போனேன். இரண்டாங்கட்டில் விறகடுப்பு வைத்து, கல்யாணங்களுக்குத் தேன்குழலும் சீப்புச் சீடையும் காராச்சேவும் போட்டுக் கொடுப்பவர். சேவு செக்கச் செவேலென்று இருந்தது. கேட்டதும் மறைக்காமல் அலமாரியிலிருந்து கேசரிப் பவுடர் டப்பாவை எடுத்துக் காட்டினார். "கலியாண வீட்டுக்காரவுக பார்வைக்கு நல்லா இருக்கணும்னு கேக்குறாக தம்பி, ஒரு சிட்டிகைதான்" என்றார். அந்தப் பவுடரில் இருக்கும் செயற்கை நிறங்களான டார்ட்ரசினும் சன்செட் எல்லோவும் இனிப்புப் பண்டங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்டவை. கார வகைகளில் அறவே கூடாது. ஒரே டப்பா, ஜாங்கிரியில் போட்டால் சட்டத்துக்குள், சேவில் போட்டால் குற்றம். இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்று நான் இன்றும் நம்புகிறேன்.

அன்று மாதக் கடைசி. மாதத்துக்கு இத்தனை சட்டப்பூர்வ மாதிரி என்று எங்களுக்கு ஓர் இலக்கு உண்டு. அந்த மாதம் எனக்கு ஒன்று குறைந்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும், அந்த மாதிரியை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு கிலோ சேவுக்கு விலை கொடுத்து ரசீது வாங்கினேன். மாதிரி எடுப்பதைத் தெரிவிக்கும் படிவம் 5ஏ கொடுத்து, சாட்சிக்கு ஆள் தேடினால் தெருவில் ஒருவரும் நிற்கவில்லை. கடைசியில் தபால்காரர் மாட்டினார். மாதிரியை நான்கு பங்காக்கிப் பொட்டலமாகச் சுற்றி, மாவட்டத்தில் எனக்கு மேலதிகாரியான நியமன அலுவலரின் எண் தாங்கிய சீட்டை மேலிருந்து கீழாக ஒட்டி, சீட்டிலும் உறையிலும் பாதிப் பாதியாக விழும்படி ஆச்சியின் கையெழுத்தை வாங்கி, நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி மேலே ஒன்று, கீழே ஒன்று, உடம்பில் இரண்டு என்று முத்திரை வைத்தேன். ஆச்சி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதென்ன தம்பி, சீர்ப்பெட்டி மாதிரி கட்டுறீக?" என்றார்.

ஆய்வகத்திலிருந்து அறிக்கை 'பாதுகாப்பற்றது' என்று வந்தது. அதன் பிறகு யாருக்கும் அதிக இடமில்லை. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்தால் இன்னொரு பங்கை மைசூரில் உள்ளது போன்ற மேல் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நிறம் இருப்பது உண்மையாக இருக்கும்போது அதனால் என்ன பயன்? 'உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் அளவுக்கு' என்று சட்டத்தின் வரையறையில் வரும் சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். அதற்கு நல்ல வக்கீல் வைக்க வேண்டும். சிறு வியாபாரிகளுக்கென்று 69ஆம் பிரிவில் இருக்கும் சமரசத் தீர்வு சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்குப் பொருந்தாது. நியமன அலுவலர் பரிந்துரைத்தார், ஆணையர் அனுமதி கொடுத்தார், நடுவர் நீதிமன்றத்தில் ஆச்சி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதமும், நீதிமன்றம் கலையும் வரை சிறையும் விதிக்கப்பட்டன. மாலை வரை கூண்டுக்கு அருகில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், என்னைக் கண்டதும் கேட்டது ஒன்றுதான்: "அந்த எண்ணெய்க்காரவுகளும் இங்கதான் வந்து உக்காந்தாகளா தம்பி?"

அதற்குப் பிறகு நான் வேலை செய்த விதம் மாறியது. அபராதத் தொகையை முடிவு செய்யும் அதிகாரி எவற்றைக் கருத வேண்டும் என்று 49ஆம் பிரிவு சொல்கிறது: அடைந்த லாபம், பிறருக்கு நேர்ந்த இழப்பு, தவறு திரும்பத் திரும்ப நடந்ததா, தெரியாமல் நடந்ததா. அது எனக்காக எழுதப்பட்ட பிரிவு அன்று. ஆனாலும் மாதிரி எடுக்கும் முன் அந்த நான்கையும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கத் தொடங்கினேன். முதல் தடவை அகப்படும் சிறு தயாரிப்பாளருக்கு நிறப்பொடியை அங்கேயே அழித்துவிட்டு, நியமன அலுவலர் மூலம் 32ஆம் பிரிவின்படி, குறையைத் திருத்தச் சொல்லும் மேம்பாட்டு அறிவிப்பு. அதற்குக் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த 14 நாளும் எனக்கு நல்ல தூக்கம் இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். இடையில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், கண்ணால் பார்த்தும் ஏன் மாதிரி எடுக்கவில்லை என்ற கேள்வி முதலில் எனக்குத்தான் வரும். அதனால் ரோடமின் பி போன்ற தொழிற்சாலைச் சாயம் என்று சந்தேகம் எழுந்த இடங்களில் நான் அவகாசம் கொடுத்ததில்லை.

ஒரு பலகாரக் கடைக்காரர் அறிவிப்பை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாவது வாரம் அதே நிறத்தில் மிக்சர் போட்டுக்கொண்டிருந்தார். அன்று மாதிரி எடுக்க எனக்கு ஒரு நிமிடத் தயக்கமும் இல்லை. அவருடைய கோப்பில் அந்த அறிவிப்பின் நகலை அறிக்கைக்கும் முன்னால், முதல் தாளாக வைத்துத் தைத்தேன். ஆணையரிடமிருந்து விளக்கம் எதுவும் கேட்கப்படாமலே அனுமதி வந்தது.