முந்நூறு கிலோ காற்று

11 பிப்ரவரி 2024, சேலம்

ராத்திரி ஒன்பதரைக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. அவர் என்னிடம் ஓர் உதவி கேட்பது இதுதான் முதல் தடவை.

"மச்சான், ஏற்காட்டு வீட்டு ஹால்ல அந்தக் காட்டெருமைத் தலை இருக்குதுங்களே, அதுக்குப் பக்கத்துல எவ்வளவு இடம் இருக்கும்?"

நாலடி இருக்கும் என்றேன். பத்துமா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. போன ஜூலையில் சுரங்கத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் இவரை லிம்போபோ மாகாணத்தில் ஒரு வேட்டைப் பண்ணைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே அது சட்டப்படி நடக்கிற தொழில். பண்ணைக்காரருக்குச் சொந்தமான மான்கள். காசு கட்டிச் சுடலாம். இவர் கூடூ என்ற மானைச் சுட்டிருக்கிறார். அதற்குக் கட்டியது 18,000 ரேண்ட், நம் காசில் எண்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். கோழிக்கடையில் வெட்டும்போது சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கிற மனுஷன்!

கறியைப் பங்கு போட்டுக்கொண்டார்களாம். தலையும் தோலும், கெடாமல் பதப்படுத்திப் பாடம் செய்கிறவரிடம் ஏழு மாதமாகக் கிடக்கிறது. அதை ஏற்காட்டுக்கு அனுப்ப வேண்டும். "நீங்க சும்மா சென்னையில வாங்கி மேல ஏத்தினாப் போதும்."

சும்மா.

14 பிப்ரவரி

வாட்ஸப்பில் படம் வந்தது. கொம்பு இரண்டரைத் திருகு திருகி வானத்தைப் பார்த்துப் போகிறது. நம் வெளிமானைச் சில ஊரில் திருகுமான் என்பார்கள். அதன் பெரியப்பா மாதிரி இருக்கிறது. கடா 250 கிலோ வரை எடை வருமாம்.

தமிழில் எல்லாவற்றையும் மான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். புள்ளிமான், கடமான் கொம்பு முழுக்க எலும்பு. உதிர்ந்து திரும்ப முளைக்கும். வெளிமான், கூடூ வகைக்கு உள்ளே எலும்புத் தண்டு, மேலே உறை போலக் கொம்பு, சாகும்வரை உதிராது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு நாள் பணம் பேசும் என்று இன்று எனக்குத் தெரியாது. (இந்த வரியை ஜூனில் சேர்த்தேன்.)

27 பிப்ரவரி

விலைப்பட்டியல் வந்துவிட்டது. கழுத்தோடு தலையைப் பாடம் செய்ய 16,000 ரேண்ட். மரப்பெட்டி 4,500. அனுமதிச் சீட்டுகள், கால்நடை மருத்துவர் சான்று எல்லாம் சேர்த்து 3,800. விமானச் சரக்குக் கட்டணம், 300 கிலோவுக்குக் கிலோ 70 வீதம், 21,000. மொத்தம் 45,300. இரண்டு லட்சத்து எட்டாயிரம் ரூபாய், ஜோகன்னஸ்பர்க் விமான நிலையம் தாண்டும் முன்பே.

முந்நூறு கிலோ எப்படி வந்தது? உள்ளே இருப்பது வெறும் தோல், நுரைப் பொம்மை, கொம்பு. பெட்டியோடு சேர்த்து 38 கிலோ என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கும் புரியவில்லை. லீ பஜார் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பரைக் கேட்டேன். அவர் சிரித்தார். "பஞ்சு மூட்டைக்கும் இரும்புக்கும் ஒரே வாடகை போட்டா லாரிக்காரன் பொழைக்க முடியுமா? அதேதான்."

விமானத்தில் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள். அந்த எண்ணா, தராசு காட்டுவதா, எது பெரிசோ அதற்குத்தான் காசு. 150, 100, 120 பெருக்கினால் பதினெட்டு லட்சம். வகுத்தால் 300. ஆக 38 கிலோ மான், மிச்சம் 262 கிலோ காற்று. லிம்போபோ காற்று.

3 மார்ச், ஏற்காடு

சுவரை அளக்க மேலே வந்தேன். வெயில் கடுமை. இன்னும் ஒரு மழை விழவில்லை, காப்பிச் செடி மொட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

அளந்தால் நாலடி இரண்டங்குலம். கூடூ நுழையும். ஆனால் பக்கத்தில் இருக்கிற காட்டெருமை கொஞ்சம் ஏழையாகத் தெரியும்.

அந்தத் தலையின் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தாத்தா எஸ்டேட்டில் ரைட்டர். துரை 1957 தொடக்கத்தில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு இங்கிலாந்துக்குக் கிளம்பினார். பியானோ போயிற்று, நாய்கூடப் போயிற்று. இந்தத் தலைக்கு மட்டும் கப்பல்காரன் சொன்ன தொகையைக் கேட்டுத் துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாராம். அப்போது சூயஸ் கால்வாய் அடைபட்டுக் கிடந்தது; கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தன. "நீயே வைத்துக்கொள்" என்று தாத்தாவிடம் விட்டுப் போனார். அதாவது எங்கள் குடும்ப கௌரவச் சின்னம், சரக்குக் கட்டணம் கட்டாமல் கைவிடப்பட்ட சாமான்.

ஸ்டூல் போட்டுப் பின்பக்கம் பார்த்தேன். மைசூர் வான் இங்கன் கம்பெனிச் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் தென்னாட்டில் புலி, சிறுத்தை, காட்டெருமை எதைச் சுட்டாலும் தோலை உப்புப் போட்டு மைசூருக்குத்தான் அனுப்புவார்கள். 1999-இல் கடையை மூடிவிட்டார்கள். அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் மூக்கில் ஒரு வெடிப்பு இல்லை. அந்தக் காலத்துத் தோலில் ஆர்சனிக் பூசியிருப்பார்கள், தடவாதே என்று அப்பா சொல்வார். நாங்கள் தடவித்தான் வளர்ந்தோம்.

19 மார்ச்

சென்னையில், சுங்கத்திலிருந்து சரக்கை எடுத்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்டைப் பிடித்தேன். பொறுமையான ஆள். முதல் கேள்வி: "சார், அது சைட்டிஸ்ல இருக்கா?" அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் அது, இந்தியா 1976-இல் சேர்ந்தது. சிறுத்தை என்றால் முதல் பட்டியல், ஆப்பிரிக்கச் சிங்கம் என்றால் இரண்டாம் பட்டியல். கூடூ எதிலும் இல்லை. அப்பாடா என்றேன். "அப்பாடா எல்லாம் இல்லீங்க. இல்லைங்கறதுக்கும் பேப்பர் வேணும்."

சிங்கமாக இருந்திருந்தால் விமானமே கிடைத்திருக்காதாம். 2015-இல் ஜிம்பாப்வேயில் சீசில் என்ற சிங்கத்தை ஓர் அமெரிக்கர் அம்பெய்து கொன்று உலகமே கொதித்தது. அந்த ஆகஸ்டிலேயே டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் விமான நிறுவனங்கள் அந்த மாதிரிச் சரக்கை ஏற்றமாட்டோம் என்றன.

பேச்சுவாக்கில் வீட்டில் ஏற்கெனவே ஒரு காட்டெருமைத் தலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதுக்குச் சர்டிபிகேட் யார் பேர்ல இருக்கு சார்?"

21 மார்ச்

தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். கிடைத்தது. 1972 வனவிலங்குச் சட்டம் வந்ததும் தாத்தா ஒழுங்காக அறிவித்து உரிமைச் சான்று வாங்கியிருக்கிறார். தாத்தா 1984-இல் போனார், அப்பா 2012-இல். 2003-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி வாரிசாகக் கிடைத்தவர் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். நான் அந்த 90 நாளும் பாங்க் கணக்கு, பட்டா, கேஸ் இணைப்பு மாற்ற அலைந்தேன். சுவரில் இருப்பதும் சொத்து என்று யாருக்குத் தோன்றும்?

காட்டெருமை அந்தச் சட்டத்தில் முதல் அட்டவணை விலங்கு, மிகக் கூடுதல் பாதுகாப்பு உள்ள வகை. ஆப்பிரிக்காவிலிருந்து வரப்போகும் தலைக்காக நான் பயந்துகொண்டிருக்க, பயப்பட வேண்டியது பன்னிரண்டு வருஷமாக என் தலைக்கு மேலேயே தொங்கியிருக்கிறது.

வீட்டம்மாவிடம் சொல்லவில்லை.

2 ஏப்ரல்

சொல்லிவிட்டேன். "கழட்டிக் குடுத்துத் தொலைங்க" என்றாள்.

கொடுக்கலாம். 2022 திருத்தத்தில் அதற்கும் வழி இருக்கிறது. விருப்பப்பட்டு ஒப்படைத்தால் அரசின் சொத்தாகிவிடும், நஷ்டஈடு கிடையாது. எனக்கு மனசு வரவில்லை. தாமதத்துக்குக் காரணம் எழுதி, தாத்தாவின் சான்று, இரண்டு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் இணைத்து வனத்துறை அலுவலகத்தில் மனு கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் என்னைவிடச் சான்றைத்தான் உற்றுப் பார்த்தார். "இவ்வளவு பழசை நான் பார்த்ததே இல்லைங்க."

24 மே, ஏற்காடு

கோடை விழாக் கூட்டம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார் வரிசை. கூடூ பற்றிச் செய்தி இல்லை. காட்டெருமை பற்றியும் இல்லை. தட்டுவடை செட் சாப்பிட்டேன்.

16 ஜூன்

மாப்பிள்ளை மனசு மாறிவிட்டார், அல்லது தங்கச்சி மாற்றிவிட்டாள். கழுத்துப் பாடம் வேண்டாம், மண்டையோடும் கொம்பும் மட்டும் போதும். இங்கேதான் அந்த உறை சமாசாரம். வேகவைத்தால் கொம்பு எலும்புத் தண்டிலிருந்து கழன்றுவிடும். ஒன்றுக்குள் ஒன்று சொருகினாற்போல் பெட்டியில் அடுக்கலாம், இங்கே வந்து மாட்டிக்கொள்ளலாம். கடமானாக இருந்தால் முடியாது.

புதுப் பெட்டி 110, 50, 36. வகுத்தால் 33 கிலோ. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் 45 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கான கட்டணமே ஏறிவிடும். அதனால் 45 என்றே போட்டு, கிலோவுக்கு 95. மிச்சப் பன்னிரண்டு கிலோவுக்கு அந்த ஊர் உப்புக்கண்டம் வைத்து அனுப்பட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டார். ஏஜெண்டிடம் நான் இதைக் கேட்கவே இல்லை.

வேகவைத்து வெளுக்க 2,200, பெட்டி 1,500, சரக்கு 4,275, காகிதம் 3,800. மொத்தம் 11,775 ரேண்ட். முழுக் கழுத்துக்கும் காகிதம் 3,800, வெறும் மண்டைக்கும் 3,800. அது மட்டும் ஒரு ரேண்ட் குறையவில்லை.

20 ஆகஸ்ட்

இன்னும் கிளம்பவில்லை. கால்நடை மருத்துவர் சான்றுக்காகக் காத்திருக்கிறார்கள். பிளவுக் குளம்பு உள்ள எதற்கும் கோமாரி நோய்க் கேள்வி வரும். எங்கிருந்து வந்தது, எப்படி வேகவைத்தது, என்ன மருந்தில் முக்கியது, எல்லாம் எழுத வேண்டும். இதில் நான் அவர்கள் பக்கம். கோமாரி வந்த தொழுவத்தைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். மாடு வாயில் நுரை ஒழுக நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

6 நவம்பர், சென்னை

பெட்டி மீனம்பாக்கம் வந்து ஒரு வாரம். விலைச்சீட்டில் 'மான் கொம்பு, மதிப்பு இல்லை' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மருத்துவர் சான்றிலோ அதே மிருகத்துக்கு அறிவியல் பெயர். இரண்டு காகிதமும் ஒரே தலையைத்தான் சொல்கின்றன என்று யார் சொல்வது? நம் நாட்டில் மான் கொம்பு என்றால் முதலில் ஞாபகம் வருவது வெளிமான், அது முதல் அட்டவணை. சுங்கத்துறை வனவிலங்குக் குற்றத் தடுப்பு ஆட்களைக் கூப்பிட்டது. கால்நடைத் தொற்றுத் தடுப்பு ஆட்கள் தனி. மதிப்பு இல்லாத சாமானுக்கு வரி எப்படிப் போடுவது என்பது இன்னொரு சிக்கல்.

அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. எழுதி அனுப்பினவர் நாலு வார்த்தை கூட எழுதியிருக்கலாம். நாள் கூடக் கூடக் கிடங்கு வாடகை ஓடுகிறது.

9 நவம்பர்

விட்டார்கள். திருத்திய விலைச்சீட்டு, கொம்பைப் பிரித்துப் பார்த்துப் படம், மூன்று கையெழுத்து. ஏஜெண்டுக்கு 16,000, வரியும் மற்றதும் 9,400, கிடங்கு 6,300. சேலத்துக்கு லாரி பார்சல் 1,150. அங்கே கட்டியதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 87,000. மானைச் சுட்டதைவிட மானை நகர்த்தினது அதிகம். மாப்பிள்ளையிடம் சொன்னேன். "ரெண்டு லட்சம் ஆகலைல்ல மச்சான்" என்றார். அவரைக் கட்டி வைத்ததில் தப்பே இல்லை.

3 டிசம்பர், சேலம்

பெஞ்சல் புயல் மழை. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். ஏழு கடல் தாண்டி வந்த பெட்டி அஸ்தம்பட்டியில், என் சைக்கிள் பக்கத்தில். மரத்தில் கோதுமைக் கதிர் முத்திரை குத்தியிருக்கிறது: 56 டிகிரியில் முப்பது நிமிஷம் சூடேற்றிய மரம், பூச்சி இல்லை என்று அர்த்தம். அம்மா தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கோலம் போடுகிறார்.

19 ஜனவரி 2025, ஏற்காடு

கொம்பைப் போன வாரம் மாட்டினோம். தண்டில் சொருகித் திருகியதும் டக்கென்று உட்கார்ந்தது. அம்மா பார்த்துவிட்டு, இதில் கறி எத்தனை கிலோ இருந்திருக்கும் என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை வனவர் வந்தார், காட்டெருமை மனுவுக்காக. என் கை வியர்த்துவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறினார், கொம்பை அளந்தார், மைசூர்ச் சீட்டைப் படம் எடுத்தார், தாத்தாவின் ஒற்றைத் தாளை இரண்டு தடவை படித்தார். மேலே அனுப்புகிறேன், முடிவு அங்கேதான் என்றார். ஐந்து நிமிஷம்.

இறங்கும்போதுதான் கூடூவைப் பார்த்தார். "இது என்னங்க?"

ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். 41 பக்கம். ரேண்ட் ரசீதிலிருந்து கிடங்கு ரசீதுவரை எண் போட்டு வைத்திருக்கிறேன். உட்கார்ந்துவிட்டார். வீட்டம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது, வேறு கொண்டுவந்தாள். முக்கால் மணி நேரம் ஒவ்வொரு தாளாகத் திருப்பிவிட்டு, கடைசியில், "இதை ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்க முடியுங்களா? இந்த மாதிரி ஒண்ணு வந்தா என்னென்ன பேப்பர் கேக்கணும்னு எங்க ஆபீஸ்ல காட்டறேன்" என்றார்.

ஏரி பக்கம் கடை திறந்திருந்தது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய், எண்பத்திரண்டு.

மாப்பிள்ளை கணக்கில் எழுதிவிட்டேன்.