எரிவாயுவுக்காகக் கட்டினோம், கழிவோடு மல்லுக்கட்டினோம்

எங்கள் தோட்டம் கோபி பக்கம். நாலு மாடு, கொஞ்சம் மஞ்சள், தென்னை, வரப்போரம் தீவனப்புல். அடுப்புக்கு ஆகும் என்றுதான் தினம் 2 கன மீட்டர் வாயு தருகிற சாண எரிவாயுக் கலன் கட்டினோம். மறுபக்கம் வழிந்து வருகிற கழிவை என்ன செய்வது என்று யாருமே யோசிக்கவில்லை. "மூணுக்கு மூணு ஒரு குழி எடுத்துருங்க, போதுமுங்க" என்றார் கொத்தனார். மூன்றடி ஆழத்தில் எடுத்தோம்.

கழிவு வர ஆரம்பித்த எட்டாம் நாள் குழி நிரம்பி, மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போகிற தடத்தில் ஓடியது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தினமும் 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. அதிலிருந்து கிடைக்கிற 2 கன மீட்டர் வாயுவின் எடை இரண்டரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மிச்சம் 97 கிலோவும் கூழ் மாதிரி வெளியே வந்தாக வேண்டும். எரிந்து போவது மீத்தேன், அதோடு சேர்ந்து வருவது கரியமில வாயு. சாணத்தில் இருந்த தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் அந்தக் கூழிலேயே தங்கிவிடுகிறது. அதைத்தான் தடத்தில் ஓடவிட்டு, சலித்துக்கொண்டே மிதித்து நடந்துகொண்டிருந்தோம்.

"சாணின்னா காய வெச்சுத்தான் எடுக்கணும்" என்றார் அம்மா. சரி என்று களத்தில் ஊற்றிப் பரப்பினோம். இரண்டு மூன்று நாளில் வெடித்து, அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. பழைய உரச்சாக்குகளில் அள்ளிக் கட்டி மஞ்சளுக்குப் போட்டேன். பயிரில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. காயும்போது களத்துப் பக்கம் போனால் ஒரு நெடி மூக்கில் ஏறும். விடிகாலையில் கட்டுத்தரையில் நிற்கும் கோமிய நெடி மாதிரி. அந்த நெடிதான் விஷயமே என்பது வேளாண்மை படித்த உறவுக்காரப் பையன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. கலனுக்குள் நுண்ணுயிர்கள் சாணத்தைச் செரிக்கும்போது தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியா வடிவத்துக்கு மாறுகிறது. பயிர் சட்டென்று எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு அதுதான். வெயிலில் பரப்பினால் அதுவே முதலில் காற்றில் போய்விடும். "மாமா, நீங்க உரத்தை வானத்துக்குப் போட்டுட்டு இருக்கீங்க" என்றான்.

அடுத்ததாக ஈரமாகவே போடலாம் என்று, அன்றன்று வந்த கழிவைத் தண்ணீர் கலக்காமல் கத்தரி நாற்றின் தூரில் ஊற்றினேன். நாலாம் நாள் இலையோரம் கருகி, நாற்றில் பாதி போயிற்று. இப்போது காய்கறிக்கு என்றால் சில நாள் தொட்டியில் ஆறவிட்டு, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, தூரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் ஊற்றுகிறேன். தீவனப்புல்லுக்கு இந்தப் பக்குவமெல்லாம் வேண்டியதில்லை. பாசனம் ஓடும்போது வாய்க்கால் தலைப்பில் பக்கெட் பக்கெட்டாகக் கவிழ்த்தால் தண்ணீரோடு கலந்து பாத்திக்குப் போய்விடும். அறுத்தவுடன் இப்படி ஒருமுறை கொடுத்தால் அடுத்த தழைவு கரும்பச்சையாக வருகிறது. புல்லுக்கு யூரியா வாங்குவதை அப்படியே நிறுத்திவிட்டேன். மஞ்சளுக்கு முடியவில்லை. பொட்டாஷ் இன்னும் வாங்கத்தான் செய்கிறேன்.

சொட்டுநீர்க் குழாயில் விட்டுப் பார்க்கலாம் என்று கொசுவலையை இரண்டாக மடித்து வடிகட்டினேன். அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை, ஃபில்டர் அடைத்துக்கொண்டது. அந்த ஆசையை விட்டாயிற்று.

நடுவில் ஒருமுறை அடுப்பே சுணங்கியது. கட்டுத்தரையை ஃபினாயில் போட்டுக் கழுவிய தண்ணீரைச் சாணத்தோடு கலனுக்குள் தள்ளியிருக்கிறார்கள். நுண்ணுயிர்களுக்கு அது விஷம். வாயு குறைந்ததோடு, வெளியே வந்த கழிவும் பச்சைச் சாணி நாற்றம் அடித்தது. அம்மா வைத்திருக்கும் பரிசோதனை எளிதானது: நன்றாகச் செரித்த கழிவில் ஈ அவ்வளவாக உட்காராது. அந்த வாரம் தொட்டி முழுக்க ஈ. அதைப் பயிருக்குப் போடாமல் குப்பைக்குழியில் ஊற்றிவிட்டோம். ஃபினாயில் பாட்டில் இப்போது வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

செரித்த கழிவில் களை விதை பெரும்பாலும் முளைக்காது என்பார்கள். எங்களுக்கும் ஒரு களையெடுப்பு மிச்சமானது. ஆனால் அந்த வருடம் மழையும் குறைவு, அதனால் கழிவுக்கே முழுப் பேரையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மழைக்காலத்தில்தான் தொல்லை. பாசனம் கிடையாது, கழிவு மட்டும் தினமும் வரும். அதற்காகப் பக்கத்தில் இன்னொரு குழி எடுத்து, தகரக் கூரை போட்டு, காய்ந்த தென்னை ஓலை, மஞ்சள் செடியின் தாள், கரும்புச் சோகை என்று ஒரு அடுக்கு, அதன்மேல் கழிவு, மறுபடி சருகு என்று நிரப்புகிறோம். சருகு ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, நெடியும் அடங்கிவிடுகிறது. நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டு, மூன்று மாதத்தில் எடுத்து மஞ்சளுக்கு அடியுரமாகப் போடுகிறேன். களத்தில் காய்ந்த அப்பளத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கையில் அள்ளினாலே தெரியும். கருப்பாக, பொலபொலவென்று இருக்கும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் எனக்கும் கொஞ்சம் கொடு என்று டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வந்தார். நூறு லிட்டரில் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான், சுமந்து கட்டுப்படியாகாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மேட்டுத் தடத்தில் ஒரு கேன் மூடி கழன்று பேன்ட் முழுக்க நனைந்து போனார். இப்போது கூரைக்குழி எருவைத்தான் கேட்கிறார், அதுவும் சாக்கோடு வந்து.