எட்டு மாதம் வாயு என்று நம்பிய வலி

ஒரு கல்யாண விருந்து முடிந்த இரவில்தான் அந்த வலி முதன்முதலாக வந்தது. வலப்பக்க விலாவுக்குக் கீழே தொடங்கி, முதுகு வழியாகத் தோள்பட்டை வரை இழுத்துப் பிடித்தது. எப்படிப் படுத்தாலும் அடங்கவில்லை. அத்தை பெருங்காயம் கரைத்த மோர் கொடுத்தார். இரண்டு மணி நேரத்தில் வலி போய்விட்டது. மோர்தான் கேட்டது என்று எல்லோரும் நம்பினோம். இப்படியே எட்டு மாதம் ஓட்டினேன்.

நான்காவது முறை நள்ளிரவில் வியர்த்துக் கொட்டியது. மாரடைப்போ என்று பயந்து மருத்துவமனைக்கு ஓடினோம். இசிஜி சரியாக இருந்ததால் அங்கேயும் வாயு என்று சொல்லி, ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் எங்கள் தெரு மருத்துவர் விலாவின் கீழே விரல்களை அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார். பாதி மூச்சிலேயே வலியில் துடித்துப்போனேன். உடனே வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார். பித்தப்பையில் பல கற்கள். பெரியது 14 மில்லிமீட்டர்.

வாழைத்தண்டுச் சாறு குடி, கரைந்துவிடும் என்றார்கள் உறவினர்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம். பித்தப்பைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கக் கூடாதா என்று அறுவை மருத்துவரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்துவைக்கும் இடம் மட்டுமே, பை இருந்தால் கல் மறுபடியும் உருவாகும் என்று பொறுமையாக விளக்கினார். பெரிய கல்லைவிடச் சின்னக் கற்களைப் பற்றித்தான் அவர் கவலைப்பட்டார். ஒன்று நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலை வரலாம், கணையமும் வீங்கிவிடலாம். அதைக் கேட்ட பிறகு நான் தேதியைத் தள்ளிப்போடவில்லை.

சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுப் பையை அகற்றும் லேப்ராஸ்கோப்பி முறையில் 4 துளைகள், அதில் ஒன்று தொப்புளருகே. மயக்கம் தெளிந்தபோது வயிற்றைவிடத் தோள்தான் அதிகம் வலித்தது. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அழுதேவிட்டேன். அறுவைக்காக வயிற்றுக்குள் செலுத்திய கரியமில வாயுவில் மிச்சம் இருப்பது, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது, அந்த வலி தோளில் தெரியும் என்றார் செவிலியர். இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். இரண்டு நாளில் குறைந்தது.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்துவிட்டேன். இட்லி, ரசம் சோறு, மோர் என்று தொடங்கினேன். எண்ணெய்ப் பலகாரம் தின்றால் சில வாரங்கள் வயிறு இளகிப் போனது. பிறகு அதுவும் சரியாயிற்று. பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

தழும்புகளைப் பார்க்க வந்த அத்தை, தன் வலப்பக்க விலாவின் கீழே கையை வைத்து, "எனக்கும் இங்கேதான் அடிக்கடி வலிக்கும், வாயு என்று விட்டுவிட்டேன்" என்றார். திங்கட்கிழமை காலை அவரை வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறேன்.