சிவப்பு எம்ஜிபிக்குப் புது சீட் பெல்ட்

மார்ச் 2, ஞாயிறு

மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துவந்த வண்டி இன்று யாரும் தள்ளாமல் தன் காலிலேயே ஷெட்டை விட்டு வெளியே வந்தது. 1964-ஆம் வருட எம்ஜிபி, இரண்டு சீட் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், கூரையை மடித்துவிடலாம், 1798 சிசி எஞ்சின். சத்தம் கேட்டு மகள் ஓடிவந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். ஏறியதுமே அவள் கை பழக்கத்தில் இடது தோளுக்குப் பின்னால் போய்த் துழாவியது.

"அப்பா, பெல்ட் எங்கே?"

சீட்டுக்கும் டன்னலுக்கும் (இரண்டு சீட்டுக்கும் இடையே ஓடும் மேடு) நடுவே சுருண்டு கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். நாடாவைத் தானாகச் சுருட்டிக்கொள்ளும் ரீல் இல்லாத பழைய வகை, நீளத்தை நாமேதான் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். அவள் மாட்டிக்கொண்டாள். வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இரண்டு கை நுழையும் அளவு தொய்வு. இறுக்கும் கொக்கியோ துருப்பிடித்து அசைய மறுத்தது. இறங்கச் சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிப்போனது. கார்புரேட்டர்களுக்கு மட்டும் இரண்டு மாதம் கொடுத்திருக்கிறேன், இதை எப்படிக் கடைசிவரை தள்ளிப்போட்டேன் என்று மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 5, புதன்

வேலை முடிந்து வந்து பழைய பெல்ட் இரண்டையும் கழற்றினேன். விளக்கடியில் நாடாவை மடித்து, வெயில் பட்ட பக்கத்தையும் படாத பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நல்ல கருநீலம். மறுபக்கம் சாம்பல் பூத்து, விரலை ஓட்டினால் பனை ஓலை போலச் சொரசொரவென்று இருந்தது. கூரையில்லாத வண்டியில் நாடா வருடக்கணக்கில் வெயில் குடிக்கும். பாலியஸ்டர் இழை அப்படித்தான் உயிரை விடும். பக்கிள் பக்கத்துத் தையலில் நாலைந்து நூல் அறுந்திருந்தது. சாயம் ஏற்றிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த ரசாயனம் இழையை என்ன செய்யும் என்று யாருக்கு நிச்சயம்? எனக்கு வேண்டாம்.

இன்று எல்லா வண்டியிலும் இருக்கும் மூன்று முனை பெல்ட்டை வோல்வோவில் வேலை பார்த்த நில்ஸ் போலின் 1959-இல் கொண்டுவந்தார். அதற்கு முன் அவர் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களின் வெளியேற்று இருக்கைகளில் வேலை செய்தவர். மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், ஒரே கையால் மாட்ட முடிய வேண்டும், இரண்டு நாடாவும் இடுப்புக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒன்றுசேர வேண்டும். அவர் யோசனை இவ்வளவுதான். வோல்வோ காப்புரிமையைப் பூட்டி வைக்காமல் மற்ற கம்பெனிகளும் பயன்படுத்த விட்டது. என் வண்டி அதற்கு 5 வருடம் கழித்துப் பிறந்தது.

மார்ச் 8, சனி

எந்த பெல்ட் வாங்குவது என்று காலை முழுக்க நண்பருடன் போனில் பேச்சு. அவர் பந்தய வண்டிக்காரர். "நாலு முனை ஹார்னஸ் போடு, ஸ்போர்ட்ஸ் காருக்கு அதுதான் அழகு" என்றார். இரண்டு தோளிலும் பட்டை வரும் பந்தய பெல்ட் அது. அவர் வண்டிக்கு அது சரி, கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு, ரோல் கேஜ், இருக்கிறது. என் வண்டியில் தலைக்கு மேல் வானம்தான். ஹார்னஸை இறுக்கிக் கட்டினால் டாஷ்போர்டில் உள்ள சுவிட்சுகூட எட்டாது. கால்களுக்கு நடுவில் வரும் ஐந்தாவது பட்டை இல்லையென்றால் தோள்பட்டைகள் இழுக்கும் இழுப்பில் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும், ஆள் கீழே நழுவிப்போவார். கடைக்கோ பள்ளிக்கோ போகும் வண்டியில் அவ்வளவு கட்டுகளையும் தினமும் யார் ஒழுங்காகப் போடப்போகிறார்கள்? தொய்வாகப் போட்ட ஹார்னஸை நம்பி ஒரு பிள்ளையை உட்காரவைக்க மாட்டேன்.

முடிவு: ரீல் வைத்த மூன்று முனை பெல்ட். வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும் எண்ணும் போட்ட அங்கீகார முத்திரை நாடாவில் தைத்திருக்க வேண்டும். இன்று ஆர்டர் போட்டாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

பெல்ட் வருவதற்குள் போல்ட் போடும் இடங்களைத் தயார் செய்யலாம் என்று கார்பெட்டை உரித்தேன். ஒரு சீட்டுக்கு மூன்று, ஆக ஆறு இடம். தோளுக்குப் பின்சக்கரத்தின் மேல் வளையும் வீல் ஆர்ச், வெளிப்பக்க இடுப்புக்குக் கதவடியில் நீளமாக ஓடும் 'சில்' சட்டத்தின் ஓரம், பக்கிளுக்கு நடு டன்னல். ஐந்தில் உள்ளே பற்றவைத்த நட் நல்லபடியாக இருந்தது.

ஆறாவது மகள் உட்காரும் பக்கத்து சில். அங்கே இருந்த நட் எப்போதோ துருவில் கரைந்து போயிருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் யாரோ, நாலு விரல்கடை தள்ளித் தரைத் தகட்டிலேயே புதிதாக ஓட்டை போட்டு, அடியில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வாஷர் வைத்து இறுக்கியிருக்கிறார். மேலே கார்பெட், அதற்கு மேலே பளபளவென்று குரோம் மூடி. இழுத்துப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் சுற்றிலும் குத்தினேன். மூன்றாவது குத்தில் பிஸ்கட்டில் இறங்குவது போல உள்ளே போய்விட்டது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு சுமார் 14 மீட்டர். முன்பக்கம் நசுங்குவது, பெல்ட் கொடுப்பது எல்லாம் சேர்ந்து அரை மீட்டர் தூரத்தில் உடம்பு நின்றுவிடுவதாக வைத்துக்கொண்டால், எடையைப் போலக் கிட்டத்தட்ட 20 மடங்கு விசை. மகள் 50 கிலோ. ஏறக்குறைய ஒரு டன். அதை மூன்று முனைகள் பங்குபோட்டுத் தாங்க வேண்டும், அதில் ஒன்று இந்தத் தகடு. ஐரோப்பிய விதிப்படி முனைகளைச் சோதிக்கும்போது தோள் பட்டைக்கும் இடுப்புப் பட்டைக்கும் தனித்தனியே 1,350 கிலோ அளவுக்கு இழுத்துப் பார்க்கிறார்கள். இந்தத் தகடு என் கையிழுப்பைத்தான் தாங்கியிருக்கிறது.

ஒன்றரை வருடமாக இந்தக் கார்பெட்டின் மேல்தான் நான் மண்டியிட்டு வேலை பார்த்திருக்கிறேன்.

மார்ச் 15, சனி

வெல்டர் அண்ணன் வந்தார். நான் கீறிவைத்திருந்த அளவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "தம்பி, துரு தெரியிற இடத்தோட நிறுத்தக்கூடாது. நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டணும்." வெட்ட வெட்ட என் உள்ளங்கை அளவு நினைத்தது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவாகிவிட்டது. எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. திறந்த வண்டியில் முதுகெலும்பே இந்த சில்தான். அதனால் வெட்டுவதற்கு முன் அடியில் நாலு இடத்தில் முட்டுக்கொடுத்து, கதவு இடைவெளியை அளந்து எழுதிவைத்துக்கொண்டோம்.

வெல்டிங்குக்கு முன் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரியையும் கழற்றி வெளியே வைத்தேன். பெட்ரோல் டேங்க் பின்பக்கம்தான், ஆனால் குழாய் அடியிலேயே ஓடுகிறது. ஈரச் சாக்கு, தீயணைப்பான், பக்கத்திலேயே நான்.

புதுத் தகடு போட்டபின் 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வலுத்தகடு, அதில் பற்றவைத்த நட். அதைப் பெல்ட் இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது தகட்டுக்குப் பின்னால் வைத்தார். இழுக்கும்போது வலுத்தகடு முழு அகலத்துக்கும் தகட்டின் மேல் அழுந்தும். முன்பக்கம் வைத்திருந்தால் சுமையெல்லாம் வெல்டிங்கின் தலையில்தான். நாலு மூலையையும் அரத்தால் வளைத்துவிட்டார். கூர்மூலை இருந்தால் மெல்லிய தகட்டை டின் வெட்டி மாதிரி கிழித்துவிடுமாம். கதவு இடைவெளி மாறவில்லை. அண்ணன் கிளம்பும்போது அந்த நட்டில் ஒரு போல்ட்டை மாட்டி, அதைப் பிடித்து வண்டியையே உலுக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 16, ஞாயிறு

பிரைமர், பெயின்ட், உள்ளே மெழுகு. மற்ற ஐந்து நட்டிலும் பழைய பெயின்ட்டும் தாரும் அடைத்திருந்தன. எண்ணெய் விட்டு, மரை வெட்டும் கருவியான டேப்பை அரைச்சுற்று முன்னால், கால்சுற்று பின்னால் என்று கையாலேயே திருப்பிச் சுத்தம் செய்தேன். அளவு 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பெட்டியில் இருக்கும் 12 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அப்படியே இருக்கும். அதை முடுக்கினால் மரை போயிற்று, அப்புறம் திரும்ப அண்ணனைத்தான் கூப்பிட வேண்டும்.

மார்ச் 22, சனி

பெல்ட் வந்தது. நாடா கையில் பட்டு மாதிரி வழுக்குகிறது. ஆனால் பக்கிளைத் தாங்கி நிற்கும் தண்டு நீளம் அதிகம். உட்கார்ந்து மாட்டினால் பக்கிள் இடுப்பெலும்புக்கு உள்ளே, வயிற்றின் ஓரத்தில் வந்து உட்காருகிறது. இடுப்புப் பட்டை எலும்பைப் பிடிக்க வேண்டும். வயிற்றைப் பிடித்தால் உள்ளே இருக்கும் உறுப்புகள்தான் அடி வாங்கும். குட்டைத் தண்டு கேட்டு எழுதியிருக்கிறேன்.

மற்ற முனைகளை மாட்டினேன். போல்ட்டில் ஒரு தோள், அதாவது மரையில்லாத தடித்த பகுதி, இருக்கிறது, அது பிராக்கெட்டின் ஓட்டைக்குள் உட்கார வேண்டும். முதல்முறை வாஷரைத் தோளுக்கு உள்பக்கம் போட்டுவிட்டேன். இறுக்கியதும் பிராக்கெட் அசையாமல் பிடித்துக்கொண்டது, நாடா முறுக்கி நின்றது. கழற்றி, அலை போல வளைந்த வாஷரைச் சரியான இடத்தில் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்கினேன். போல்ட் கெட்டி, பிராக்கெட் ஒரு விரலால் தள்ளினால் சுழல்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று முழுக்க ரீல். வலது ரீலில் நாடா சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை. இடதில் சுத்தமாக வரவில்லை. பழுதோ என்று கழற்றிக் கையில் நேராகப் பிடித்தேன். வெண்ணெயாக ஓடியது. மெதுவாகச் சாய்த்தேன், ஓர் இடத்தில் உள்ளே 'டிக்' என்று சின்னச் சத்தம், பூட்டிக்கொண்டது.

ரீலுக்குள் ஒரு சின்னக் குண்டு இருக்கிறது. வண்டி சட்டென்று வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ அது உருண்டு ஒரு நாக்கைத் தூக்கும், நாக்கு பல்சக்கரத்தைப் பிடிக்கும். இது போக நாடாவை வெடுக்கென்று இழுத்தாலும் பூட்ட வேறொரு பொறி உண்டு. விதிப்படி 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக்கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். வீல் ஆர்ச் வளைந்த இடம். அளந்தேன்: வலதில் 19, இடதில் 24. ரீலிடம் குற்றம் இல்லை, அது உட்கார்ந்த இடம்தான் கோணல்.

மூடியைத் திறந்து குண்டைச் 'சரிசெய்வது' நடக்காத காரியம், அதைத் தொடவே கூடாது. பெல்ட் செய்தவர்களிடமே ஆப்பு வடிவ எஃகு பிராக்கெட் கிடைக்கிறது. தண்டோடு அதையும் சேர்த்துக் கேட்டுவிட்டேன்.

மார்ச் 29, சனி

இரண்டும் வந்தன. இப்போது வலது 3 டிகிரி, இடது 5. குட்டைத் தண்டில் பக்கிள் இடுப்புக்கு வெளியே நிற்கிறது.

மகளை உட்காரவைத்துத் தோளிலிருந்து ரீல் வரை ஒரு நூலைப் பிடித்தேன். முனை தோளைவிடத் தாழ்வு. கூரைத்தூண் இல்லாத வண்டியில் வேறு வழி குறைவு, ஆனால் நாடா தோளிலிருந்து நேராகக் கீழே இறங்கினால் மோதும்போது முதுகுத்தண்டை அமுக்கும். அவளுக்கு சீட்டின் முதுகு தோள் உயரத்துக்கு வருவதால் நாடா அதன் மேல் ஏறி, கொஞ்சம் பின்னால் போய்த்தான் இறங்குகிறது. எனக்கு அப்படி இல்லை, நான் உயரம். சீட்டுக்குப் பின்னால் நிற்கும் வளைகுழாயான ரோல் பாரை, பெல்ட் முனையோடு வருவதாகப் பார்த்துப் போட்டால் இது தீரும். அடுத்த வேலை அதுதான், அதுவரை நெடுஞ்சாலைக்கு எடுக்கப்போவதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை ஆறரை மணி, காலி மைதானம். முதலில் தனியாக. 20-இல் பிரேக், 30-இல் பிரேக், மறுபடி 30. மூன்று முறையும் பூட்டியது, விட்டதும் தளர்ந்தது. இறங்கி ஆறு போல்ட்டையும் ரெஞ்சில் பார்த்தேன், எதுவும் அசையவில்லை. புது சில்லின் பெயின்ட்டில் கீறல்கூட இல்லை.

அப்புறம் அவளைக் கூப்பிட்டேன். ஏறினாள், கை பின்னால் போனது, இந்த முறை கிடைத்தது. மாட்டிவிட்டு, நான் சொல்லாமலே இடுப்புப் பட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். மைதானத்தைச் சுற்றி நாலு சுற்று. ஐந்தாவதில் சொல்லிவிட்டே பிரேக்கை அழுத்தினேன்.

"பிடிச்சிருச்சுப்பா!" என்றாள் சத்தமாக.

வீட்டுக்கு வந்து கூரையை மடித்துப் பார்த்தபோது இடது பக்கச் சட்டம் நாடாவை உரசுவது தெரிந்தது. இப்போதைக்கு ஒரு துணி சுற்றிவைத்திருக்கிறேன். நாளை சட்டத்தின் அந்த ஓரத்தை அரம் போட்டு உருட்ட வேண்டும்.