நானுஓயா ஏற்றத்தில் மட்டும் வந்த மிஸ்ஸிங்

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவிலுள்ள பாடசாலைக்கு நான் தினமும் ஓட்டிச் செல்லும் டொயோட்டா கொரோலா 110, 1998இல் ஜப்பானில் தயாரானது. 5ஏ-எஃப்இ எஞ்சினும், பெற்றோலை எரிக்கும் பொறிக்கான மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும், அதைப் பொறி தரும் பிளக்குகளுக்குக் கொண்டு செல்லும் பிளக் வயர்களும் கொண்ட அந்தக் கார் 312,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. கடந்த ஐப்பசி மழையில், லிந்துலையைக் கடந்து நானுஓயா ஏற்றத்தில் எக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் அது திக்கித் திக்கி இழுக்கத் தொடங்கியது; சிலிண்டர் ஒன்று எரியாமல் தவறும் இதைத்தான் மிஸ்ஸிங் என்பார்கள். சமதரையில் குறையொன்றும் தெரியவில்லை. வெயில் நாளில் அதே ஏற்றத்திலும் தெரியவில்லை. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கும் எரியவில்லை.

பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று சக ஆசிரியர்கள் சொன்னதைக் கேட்டு ஃபில்டரை மாற்றினேன், பயனில்லை. பிறகு நான்கு பிளக்குகளையும் மாற்றினேன். ஒரு வாரம் கார் ஒழுங்காக ஓடியதால் காரியம் முடிந்தது என்று நம்பிவிட்டேன். அந்த ஒரு வாரம்தான் என்னை அதிகம் குழப்பியது.

மிஸ்ஸிங் திரும்பி வந்ததும் நுவரெலியாவில் ஒரு கராஜில் காட்டினேன். அங்கே கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தத்தை, அளந்தபோது நான்கு சிலிண்டர்களிலும் முறையே 138, 136, 140, 137 பிஎஸ்ஐ காட்டியது. 170க்கு மேல் வந்திருக்க வேண்டும் என்றும், அழுத்தம் கசியாமல் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் தேய்ந்துவிட்டதால் எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும் என்றும் சொன்னார்கள். மூன்று லட்சம் தாண்டிய எஞ்சினைப் பற்றி அப்படிச் சொன்னால் மறுத்துப் பேச வாய் வராது. இருந்தாலும் இரவு படுத்திருந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டர் உள்ளிழுக்கும் காற்றே அந்த அளவு மெலிந்திருக்கும்போது கேஜ் காட்டும் எண்ணும் அதே விகிதத்தில் இறங்கத்தான் செய்யும். அப்படிப் பார்த்தால் அங்கே காட்டும் 138 கொழும்பில் 170ஐ ஒட்டி வரும். அதைவிட முக்கியமானது, நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தது; ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால் ஓர் எண் தனித்து விழுந்திருக்கும்.

மறுநாள் தலவாக்கலையில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான வயதான மெக்கானிக் பாஸிடம் போனேன். பிளக் துவாரம் வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, எக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி அவர் மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து எண் சட்டென்று ஏறியிருக்கும். அது சற்றே அசைந்தது, அவ்வளவுதான். “எஞ்சின்ல கை வைக்காதீங்க சேர். இருட்டின பிறகு வாங்க, தண்ணி போத்தல் ஒண்ணும் கொண்டு வாங்க,” என்றார்.

அன்று இரவு கராஜின் விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே போத்தலால் பிளக் வயர்களின் மேல் மெல்லத் தண்ணீர் தூவினார். முதல் இரண்டு வயர்களிலும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வயரில் ஈரம் பட்டதும், பிளக்கின் மேல் பொருந்தும் பூட் ரப்பருக்கு ஒரு விரல் மேலே, நீல நிறத்தில் மயிரிழை போன்ற ஒரு பொறி சிலிண்டர் ஹெட்டை நோக்கித் தாவியது. ‘டிக், டிக்’ என்ற சத்தத்தோடு எஞ்சினும் உதறியது. அப்படியே, சிலிண்டருக்குப் பெற்றோல் தெளிக்கும் இஞ்செக்டர்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினார். ஒன்று, இரண்டு, நான்கு என எதைக் கழற்றினாலும் எஞ்சின் சோர்ந்தது. மூன்றைக் கழற்றியபோது மட்டும் எந்த மாற்றமும் இல்லை; அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே எரியாமல்தான் இருந்தது. பிளக் வயரையே கழற்றிப் பார்க்கும் பழைய முறையை அவர் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு: எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும், கையிலும் கரண்ட் அடிக்கும்.

மூன்றாவது பிளக்கைக் கழற்றியபோது அதன் குழிக்குள் எண்ணெய் தேங்கி நின்றது. எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரில், பிளக் குழிக்குள் எண்ணெய் வராமல் தடுக்கும் குழாய் சீல் காய்ந்து இறுகி, எண்ணெய் கசிந்து வயரின் ரப்பரை ஊற வைத்து வெடிக்கச் செய்திருந்தது. ஏற்றத்தில் மட்டும் ஏன் என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது. சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். அது ஈரமான வெடிப்பு வழியாகச் சுலபமாகத் தப்பிவிடுகிறது. புதிய பிளக்குகளின் இடைவெளி பழையவற்றைவிடக் குறுகலாக இருந்ததும், மாற்றியபோது குழியைத் துடைத்து உலர்த்தியதும் சேர்ந்துதான் அந்த ஒரு வார நிம்மதியைத் தந்திருக்கின்றன. கம்ப்ரெஷன் அளந்த கராஜிலும் அதே பிளக்கைக் கழற்றியிருப்பார்கள். எண்ணெயைப் பற்றி எவரும் என்னிடம் சொல்லவில்லை.

வயர் செட்டையும், வால்வ் கவர் கேஸ்கெட்டையும், நான்கு குழாய் சீல்களையும் மாற்றினோம். பூட்டுவதற்கு முன் புதிய வயர்களை மல்ட்டிமீற்றரில் அளந்தார். 25 கிலோ ஓமுக்கு மேல் மின்தடை காட்டும் வயரை டொயோட்டா எஞ்சினில் போடக் கூடாது என்பது அவர் கணக்கு. பழைய மூன்றாவது வயரையும் அளந்தார். அது அந்த எல்லைக்குள் நன்றாகவே இருந்தது. உலர்ந்த மேசையில் மீற்றரை மட்டும் நம்பியிருந்தால் அதையே திரும்பப் பூட்டியிருப்போம்.

கார்த்திகை மழை முழுவதும் நானுஓயாவை ஏறிவிட்டேன், திக்கல் இல்லை. கியரில் போட்டு நிற்கும்போது இன்னும் ஒரு சிறு அதிர்வு இருக்கிறது. இஞ்செக்டர் சோதனையில் இப்போது நான்கும் ஒரே அளவுக்குச் சோர்வதால் அது மிஸ்ஸிங் அல்ல, எஞ்சின் மவுண்டிங் ரப்பர் என்கிறார் பாஸ். அதை அடுத்த சம்பளத்தில் பார்க்க வேண்டும்.